மூட்டைக்குள் என் குரல்

மார்ச் 3
தம்பி மகன் இன்றைக்கும் மைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "பேசுங்க அத்தை, எதை வேணும்னாலும்." இந்த வீட்டில் என்னைப் பேசச் சொல்லி ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை! சாமி பாட்டில் ஆரம்பித்து, பால்காரன் புராணத்துக்குப் போய், கடைசியில் என் வீட்டுக்காரர் போன நாளில் வந்து நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பேசிக்கிட்டே இரு, பயமில்லாம இருக்கு" என்றாரே, அதைத் தங்கச்சியிடம்கூட நான் சொன்னதில்லை. அழுதுவிட்டேன். காதில் ஹெட்போனோடு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான் பிள்ளை.

"உங்க குரல் நம்ம சாஃப்ட்வேருக்குள்ள போகப் போகுது அத்தை."

கடவுளுக்குக் கண் இருக்கிறது.

மார்ச் 9
பிரார்த்தனைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லியாயிற்று. எதிர்வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. மன்னிச்சிடு சாமி, எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மார்ச் 20
அவர் நினைவு நாள் வருகிறது. அந்த ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் தங்கச்சிக்கு அனுப்பித் தா என்றேன். "ரெக்கார்டிங் எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டியாச்சு அத்தை. அதுல எங்க போய்த் தேடுறது?"

மைக் வைக்க நேரம் இருந்தது. தேட இல்லையாம்.

மார்ச் 21
அவன் பெண்டாட்டிக்கும் அதே சாஃப்ட்வேர் வேலைதான். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மருந்துக்கு ஒரு படம் கிடையாது.

"மூட்டையப் பிரிக்கவே வேணாம். டார்னு ஒரு கட்டளை அடிச்சு, உள்ள இருக்கிற பேரை மட்டும் சொல்லச் சொல்லலாம்."

பெயர்கள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன.

"பின்னால கிரெப்புன்னு சேத்துட்டா, நாம கேட்ட பேரு இருக்கிற வரி மட்டும் நிக்கும். நீங்களே அடிங்க அத்தை."

அத்தை என்று இங்கிலீஷில் ஒற்றை விரலால் தட்டினேன். நின்றது. அத்தை பேச்சு. அத்தை பிரார்த்தனை. அத்தை அழுகை. தரம் பிரித்து வைத்திருக்கிறான்! எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே வார்த்தை.

"இது என்னம்மா?"

"ஃபோல்டர் பேரு..."

"அதுல வேற யாரு இருக்கா?"

நானே அந்த வார்த்தையைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். அத்தை. தெருநாய். ட்ரில் மிஷின். ஹார்ன். மிக்சி.

"அந்த நாய்ஸ்ங்கிற வார்த்தைக்கு இரைச்சல்னு அர்த்தம் அத்தை. போன்ல பேசுறப்ப பின்னால வர்ற இரைச்சலை நிறுத்துற சாஃப்ட்வேர் இது. எதை நிறுத்தணும்னு அதுக்குப் பழக்கணும்ல..."

நாய்க்கு முன்னாடி என்னைப் போட்டிருக்கான், அந்த மட்டும் மரியாதை. இதுக்கா என் புருஷன் செத்ததைச் சொன்னேன்? தலைய ஆட்டினானே படுபாவி! கேட்டுக்கிட்டு ஆட்டினானா, சத்தம் சரியா விழுதான்னு பாத்து ஆட்டினானா?

அந்த ஒன்றை மட்டும் உருவித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அழுகை என்று பெயர் வைத்ததை எப்படித் தங்கச்சிக்கு அனுப்புவது?

மார்ச் 23
அவனையே கேட்டுவிட்டேன். "நடிக்காம, நிறுத்தாம, அவ்வளவு இயல்பா வேற யாரு அத்தை பேசுவா?" என்கிறான். பாராட்டுகிறானாம்.

சாமி காதிலும் இந்த இரைச்சல் சாஃப்ட்வேர் மாதிரி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்களோ என்னவோ.

ஏப்ரல் 2
நினைவு நாள். தங்கச்சியோடு முகம் பார்த்துப் பேச அவன் கம்ப்யூட்டரைத் தந்தான். ஆரம்பித்தேன். அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"அக்கா, வாய் அசையுது, சத்தமே வரலையே. நெட் போச்சா?"

நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதுகூட எனக்குக் கேட்டது. அவன் ஓடி வந்து எதையோ அணைத்தான்.

"இப்பப் பேசுங்க அத்தை."

தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5
மனசுக்குள்ளேயே கும்பிட்டு முடித்தேன். அவன் மீட்டிங்கில் இருந்தான். முன்பெல்லாம் என் சத்தத்துக்கு எழுந்து வந்து கதவைச் சாத்துவான். இப்போது சாத்துவதில்லை.