வேலிக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் நலமா என்று கேட்டிருந்தாய். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். காய்ச்சலில் சின்னவள் போய்விட்டாள் அண்ணா. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரைத் தேடி நடந்த அவள் அப்பாவும் அடுத்த வாரமே படுத்தார். எழுந்திருக்கவில்லை. காட்டை வெட்டியாயிற்று, இனி கொஞ்சம் உட்காரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை உட்காரவே இல்லை.

இந்தப் புது நிலத்தில் இடுகாடு என்று ஒன்று இன்னும் ஏற்படவில்லை. முதலில் போனது நம் வீட்டு ஆட்கள்தான். மேட்டில், ஒற்றை மரத்தடியில் இருவரையும் வைத்தோம். பெரியவள் என்னை விட்டு நகர்வதில்லை. எனக்கு அழக்கூட அலுப்பாக இருக்கிறது.

உன் தங்கை

ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். உன் அண்ணி அன்று அடுப்பு மூட்டவில்லை.

நிலமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மாடியறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டேன். பெரியவளுக்கு ஜன்னலோரம் கட்டில். சரி என்று ஒரு வரி போடு, நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் பிடிவாதத்தை இந்த ஒரு தடவை மூட்டை கட்டி வை.

அண்ணன்

ஜூன் 11

அண்ணா,

வருகிறேன். தனியாக என்னால் முடியவில்லை.

ஆனால் நேற்று அளக்கிறவர்கள் வந்து எல்லைக்கல் நட்டார்கள். நாங்கள் கண்ணால் பார்த்து எல்லை வைத்துக்கொண்டவர்கள். அளந்தால் மேடு நம்முடையது இல்லையாம், பக்கத்துக்காரருடையதாம். மரத்தடி இப்போது வேலிக்கு அந்தப் பக்கம்.

அவர் நல்ல மனிதர். "நான் இருக்கிறவரைக்கும் அங்க ஏர் படாதும்மா. எனக்கப்புறம் பசங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். கோபப்படுவதற்கும் எனக்குத் தெம்பில்லை.

தங்கை

ஜூலை 25

தங்கச்சி,

உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பார். என்றைக்குக் கிளம்புகிறாய்?

அண்ணன்

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

கோபித்துக்கொள்ளாதே. ஓடையோரத்து நல்ல நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டு மேட்டை வாங்கிக்கொண்டேன். "அது பாதிக்கு மேல கல்லும்மா, நல்லா யோசிச்சீங்களா?" என்று அவரே திரும்பத் திரும்பக் கேட்டார். யோசிக்காமல் என்ன!

குடியிருந்து பயிர் செய்கிறவர்களுக்குத்தான் இங்கே நிலம். விட்டுப் போனால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால் குடிசையைப் பிரித்து மேட்டில் கட்டியிருக்கிறோம். தண்ணீர்தான் கீழேயிருந்து தூக்கிவர வேண்டியிருக்கிறது. சின்னவளின் குடத்தைப் பெரியவள் எடுத்துக்கொண்டாள். "நான் மாமா வீட்டுக்கு வரலைம்மா, நீ போகாம இருந்தா போதும்" என்கிறாள்.

உன்னோடு இருக்க எனக்கு ஆசைதான் அண்ணா, சத்தியமாக. அந்த ஜன்னலோரக் கட்டிலை நினைத்துக்கொண்டேதான் இத்தனை நாளும் தூங்கினேன். மாடியறையை யாருக்காவது கொடுத்துவிடு. பூட்டி வைக்காதே.

என்றைக்காவது வந்தால் வழி கேட்டு அலையாதே. மேட்டில் ஒரே மரம்தான். நாங்கள் நான்கு பேரும் அங்கேதான் இருக்கிறோம்.

உன் தங்கை