ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே உன் குரல்

ஜமால் மச்சான், என் பழவேற்காட்டுப் பாட்டுக்காரா,

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். நமக்குள் ஒரு வழக்கு தீராமல் கிடந்ததே, அதற்குத் தீர்ப்பு வந்துவிட்டது. நாம் சண்டை போட்டதை ஊரே பார்த்தது. அதனால் தீர்ப்பையும் நாலு பேர் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி தியேட்டரில், ஒரு காலத்தில் மில் ஆட்களின் பஸ்ஸெல்லாம் கேட்ட உன் ஷிப்ட் பஸ் பாட்டு ஓடியது. கேசட்டில் இல்லை, சினிமாவில். அந்தப் படத்துக்குப் பின்னணி இசை யார் தெரியுமா? நான்தான். யாரிடமும் கைகட்டிப் பாடம் கற்காத, ரோலிங் மில்லில் மோட்டாருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே பெட்டி வாசிக்கப் பழகிய இந்த ஏகாம்பரம்.

படம் எடுத்தவள் தேவகி. என்னோடு மில்லில் உலைப் பக்கம் வேலை பார்த்த முனுசாமியின் மகள். வேப்பம்பட்டில் குடியிருக்கிறாள். மில்லில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதை. இசைக்கு என்னைக் கேட்டு வந்தபோது, சினிமாவில் ஆயிரம் பேர் இருக்கும்போது நான் எதற்கு என்றேன். "அவங்க வாசிச்சா சினிமால வர்ற மில்லு மாதிரி இருக்கும் பெரியப்பா. நீங்க வாசிச்சா நம்ம மில்லு மாதிரி இருக்கும்" என்றாள். இந்த வயசில் இந்த வார்த்தையை யார் சொல்வார்கள்? ஒத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் உழைத்தேன். வீட்டிலேயே கிடந்து உன் கண்ணில் படாத என் பழைய ஆர்மோனியத்தை வைத்துத்தான் முக்கால்வாசி வேலை. படத்தில் ஒரு இடம். அந்தப் பெண் மில் கேட்டுக்குப் போய், புருஷனின் சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸில் திரும்பி வருகிறாள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த இடத்துக்கு என் ஆயுசில் போட்டதிலேயே நல்ல மெட்டைப் போட்டேன்.

அதைக் கேட்டுவிட்டு தேவகி மெதுவாகச் சொன்னாள், இங்கே உங்கள் இசை வேண்டாம், பஸ்ஸில் டிரைவர் ஒரு பழைய பாட்டுப் போடுகிறான், அதுதான் ஓடும் என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பந்தி பரிமாறியவனைச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போகச் சொன்ன மாதிரி இருந்தது. அப்படியானால் அந்தப் பாட்டுக்காரனையே முழுப் படத்துக்கும் வாசிக்கச் சொல் என்று கோபித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. "பெரியப்பா, பாட்டு பஸ்ஸுக்குள்ள ஓடுது. பஸ்ல உக்காந்துகினு இருக்கற அத்தினி பேருக்கும் கேக்குது. உங்க இசை அவ மனசுக்குள்ள ஓடுது. அவளுக்கே அது கேக்காது, நமக்குத்தான் கேக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல பேசினா ரெண்டும் வீணா பூடும்." சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

உன் குரல் மச்சான்.

அவளுடைய அப்பா முனுசாமி அந்தக் கேசட்டை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தார். அதில் கீபோர்டு பெட்டி வாசித்தது நான் என்று அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அட்டையில் 'மெல்லிசைக் குழுவினர்' என்று ஒரே வரியில் நம் எல்லாரையும் மூடி மறைத்துவிட்டார்களே. எழுதி, மெட்டுப்போட்டு, பாடியவன் நீ. உன் பெயரே இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

படிக்கிறவர்களுக்காக நம் சண்டையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீ எப்போதும் ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவன். வலையும் கயிறும் விற்கிற கடையில் கூவிக் கூவி உரம் ஏறிய குரல். கேசட் வந்த அன்றைக்குப் போட்டுக் கேட்டால் பாட்டு ஒசந்து, மெலிந்து, ஓட்டமாக ஓடியது. கடையில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், ஆம்பள பாடினத பச்சப்புள்ள பாடின மாதிரி ஆக்கிக்கினு வந்துட்டியே. பெட்டில எனக்குத் தெரியாம எந்த பட்டனை அமுத்தின?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எதையும் அமுக்கவில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். என்னைப் போய் அப்படி நினைத்தவனுக்குப் பதில் எதற்கு என்று வந்துவிட்டேன். ஆறு வருஷம் பேசவில்லை. பிறகு உன் மகள் பாத்திமா கல்யாணத்தில் நீயே வந்து கையைப் பிடித்து இழுத்தாய், பிரியாணி வைத்தாய், திரும்ப ஒன்றாகக் கச்சேரி செய்தோம். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது சந்தேகமாகவே உன்னோடு போய்விட்டதா?

சரி, படத்துக்கு வருகிறேன். பழைய பாட்டைப் படத்தில் வைக்க இரண்டு இடத்தில் அனுமதி வேண்டுமாம். பதிவு செய்து வைத்திருக்கிற கேசட் கம்பெனியிடம் ஒன்று. பாட்டு எழுதி மெட்டுப்போட்டவரிடம் இன்னொன்று. நீ எதிலும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்கவில்லை, அதனால் அந்த உரிமை உன் வாரிசுக்குத்தான். மணவாள நகரில் பாத்திமா வீட்டுக்கு நானும் தேவகியும் போனோம். பேப்பரைப் படித்துவிட்டு, "வாப்பா பாட்டு பஸ்ஸுலதான் மாமா ஓடிச்சு. பஸ்ஸுலயே ஓடட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள். அப்படியே உன் சாயல்.

கம்பெனிக் கடிதமும் வந்தது. ஒரு நிமிஷம் பத்து வினாடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளது உள்ளபடி. வேகத்தையோ சுருதியையோ மாற்றக் கூடாது.

அங்கேதான் பேஜாரு. எல்லா ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கிற நாளில், சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தோம். என் இசை முடிந்து உன் பாட்டு ஆரம்பிக்கிற இடம். சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. என் ஆர்மோனியம் ஒன்றரைக் கட்டையில் நிற்கிறது. உன் பாட்டு ஒன்றரையும் இல்லை, இரண்டும் இல்லை, நடுவே எங்கேயோ தொங்குகிறது. பாட்டு முடிந்து என் இசை திரும்ப வரும்போது இன்னும் மோசம்.

ஒலிக் கலவை செய்கிறவர் நல்ல மனுஷர்தான். பாட்டைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும், அதற்குத்தான் அனுமதி இல்லையே என்றார். இல்லாவிட்டால் உங்கள் இசையை மெஷினில் ஏற்றித் தருகிறேன் என்று செய்து காட்டினார். என் ஆர்மோனியம் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. தேவகி முகம் வாடிப்போய், பாட்டையே எடுத்துவிடலாம், அந்த இடத்துக்கு உங்கள் மெட்டு இருக்கிறதே பெரியப்பா என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் மெட்டு நிற்கும், உன் பாட்டு போகும். ஒரு தலையாட்டல் போதும்.

ஆட்டவில்லை மச்சான். அந்தப் பாட்டு எங்கே உண்மையாக நிற்கிறது என்று எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், படத்துக்கு வேண்டாம், எனக்கு மட்டும் என்றேன். அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பாட்டு ஒரு கட்டைக்கு வந்திருந்தது. நீ அந்த அறைக்குள் வந்துவிட்டாய். அதே கனம், அதே கடைக் குரல். ஸ்டுடியோக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான் ஞாபகம்.

அப்போதுதான் இந்த எலக்ட்ரீஷியன் மண்டைக்கு உறைத்தது. என் பழைய கீபோர்டு பெட்டியில் சுருதி ஏற்றுகிற பட்டனை அமுக்கினால் அரைக் கட்டை, ஒரு கட்டை என்று முழுசு முழுசாகத்தான் ஏறும். நடுவே நிற்கவே நிற்காது. ஆகவே நான் ஏற்றவில்லை. இது சாட்சி. முதல் தீர்ப்பு எனக்குச் சாதகம்.

இரண்டாவதையும் எழுதித்தான் ஆகவேண்டும். பாட்டைப் பதிவு செய்தது ஆரணிக் கல்யாண மண்டபத்தில். கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்தது யார்? நான். அதன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதன் வேகத்தைக் குறைத்து வைத்தது யார்? அதுவும் நான். மண்டபத்து விளக்கெல்லாம் மங்கியதை நீ கூடக் கிண்டல் செய்தாய். ஜெனரேட்டர் மெதுவாகச் சுற்றினால் டேப் மெஷினின் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததை வீட்டில் சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறித்தான் ஒலிக்கும். மில்லில் நூறு மோட்டாரைப் பார்த்தவனுக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று இருந்துவிட்டேனோ?

பட்டனை அமுக்கவில்லை. ஆனால் உன் குரலை ஏற்றியவன் நான்தான். பத்துப் பேர் முன்னால் கேட்டாய். ஆயிரம் பேர் முன்னால் ஒத்துக்கொள்கிறேன். போதுமா?

தேவகியிடம் சொன்னேன், பாட்டு இருக்கட்டும், ஒரு இம்மியும் நகர வேண்டாம், நான் நகர்ந்து வருகிறேன் என்று. பத்து நாள் கேட்டேன். ஆர்மோனியத்தைத் திறந்து, உள்ளே இருக்கிற பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நுனியைச் சின்ன அரத்தால் உரசி, உன் பாட்டோடு ஒத்துப் பார்த்து ஏற்றினேன். இரண்டு நாக்கு முறிந்தது, மாற்றினேன். கை நடுங்குகிற வயசு என்று மருமகள் திட்டினாள். முழுப் படத்துக்கும் முதல் காட்சியிலிருந்து திரும்ப வாசித்தேன். அந்தப் பெட்டி இனி வேறெந்தப் பாட்டுக்கும் ஒத்துவராது. ஒத்துவர வேண்டாம்.

வாசிக்கும்போதுதான் தேவகி சொன்னதன் முழு அர்த்தமும் புரிந்தது. உன் பாட்டு ஊருக்குத் தெரிந்தது. ஒவ்வொருத்தன் ஞாபகத்தையும் தூக்கிக்கொண்டுதான் அது படத்துக்குள் வரும். என் இசைக்கு அந்தப் படத்தை விட்டால் ஊரும் இல்லை, உறவும் இல்லை. அதனால் நான்தான் பாதை போட வேண்டும். மில் இரைச்சலுக்கு அடியில் ஆரம்பத்திலிருந்தே உன் சுருதியைப் பிடித்துவைத்தேன். உன் பல்லவியின் முதல் மூன்று சுரத்தை படத்துப் பெண் அடுப்பு மூட்டும்போது ஒருமுறை, மில் சங்கு ஊதும்போது ஒருமுறை தூவினேன். யாருக்கும் அது என்னவென்று தெரியாது. பஸ் கிளம்பியதும் என் பெட்டி நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு டிரைவர் தலைக்கு மேலே தகர டப்பா ஸ்பீக்கரில் நீ.

தியேட்டரில் அந்த இடத்தில் யாரும் கைதட்டவில்லை. என் பின் வரிசையில் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்த ஒருவர் கூடவே முணுமுணுத்தார். வார்த்தை தவறாமல் பாடினார். திரையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறாள். நீ விட்ட சுரத்திலிருந்தே நான் எடுத்தேன். எங்கே நீ முடிந்தாய், எங்கே நான் தொடங்கினேன் என்று பாத்திமாவுக்கே தெரியவில்லையாம். கடைசியில் வெள்ளை எழுத்தில் வந்தது: பாடலும் குரலும் ஜமால். தனி வரியில், தனியாக. எல்லாரும் எழுந்து போன பிறகும் நானும் உன் மகளும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். என் பெயர் அதற்கு அடுத்து வந்தது. உனக்குப் பின்னால் நிற்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. கம்பெனி கொடுத்த அனுமதி தியேட்டருக்கு மட்டும்தான். டிவிக்கோ போனில் பார்க்கிற இடத்துக்கோ படம் போகும்போது திரும்பக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய பாட்டை உருவிவிட்டு, புதுசாக எதையாவது சொருகிவிடுவார்களாம், அது சகஜமாம். தேவகியை உட்கார வைத்து ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டேன். ஜமால் பாட்டை எடுத்தால் ஏகாம்பரம் வாசித்ததையும் முதல் காட்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். "இது இன்னா பெரியப்பா அடம்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அடம்தான். எந்தத் திரையில் அந்தப் படம் ஓடினாலும் நாம் இரண்டு பேரும் இருப்போம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இருக்கமாட்டோம். இனி உன்னைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகமாட்டேன். இது என் வாக்கு.

உனக்குச் சுருதி சேர்த்த உன் மச்சான்,
ஏகாம்பரம்