செவலைக்குக் கொடுத்த சுண்ணாம்பு

சுக்கில வருஷம், ஐப்பசி 12

எழுதுகிறேன்! என் கைதான் இது. இந்த வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஜவுளிக்காரர் கௌஸ் மைதீன் எட்டிப் பார்த்துவிட்டு, “யோவ் தேசப்பா, எழுத்தெல்லாம் நண்டு மாதிரி ஓடுதேய்யா” என்றார். ஓடட்டும். கரையேறினால் போதும்.

ஐப்பசி 20

மகள் ஜெயம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. பேரன் கஞ்சித் தண்ணீரில் கிடக்கிறான். ஆட்டுப்பால் கொடுத்தால் பேதி. எங்கள் பசு செவலை கார்த்திகையில் ஈனும். அதன் பாலைத்தான் நம்பியிருக்கிறோம்.

நான் கோட்டைக்குச் சுண்ணாம்பு சுடுகிறவன். ஏரிக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பில்தான் ஒல்லாந்தர் கோட்டைச் சுவரே நிற்கிறது. மாட்டின் எலும்பு நிற்காதா? இன்று முதல் செவலையின் தொட்டியில் சுண்ணாம்புத் தெளிவு. தவிட்டில் கல்லுப்பு.

ஐப்பசி 27

கௌஸ் மைதீன் வீட்டு மாடும் சினை. அதற்கும் ஒரு சட்டி சுண்ணாம்பு கொண்டுபோனேன். அவர் மனைவி கைருன் பீவி வாங்கவில்லை. “எங்க மாடு இன்னா செவுராண்ணே, பூசறதுக்கு?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஈன்ற பிறகு பார்க்கலாம், யார் மாடு தெம்பாக நிற்கிறது என்று.

கார்த்திகை 9

மழை. செவலைக்கு மடி இறங்கிவிட்டது. தோல் பளபளக்கிறது.

கார்த்திகை 14

கிடாரிக் கன்று! நஞ்சுக்கொடியும் விழுந்தது. கன்று முட்டி முட்டிச் சீம்பால் குடித்தது. ஜெயம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. “சீம்பால் தெளியட்டும் நைனா, அப்புறம் இவனுக்குத்தான்” என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

கார்த்திகை 15

செவலை விழுந்துவிட்டது. காது சில்லென்றிருக்கிறது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கிறது. வாலைத் திருகினோம் — எழவில்லை. சுண்ணாம்பு பத்தலையோ? இன்னும் கரைத்து, மூங்கில் குழாயை வாயில் வைத்து ஊற்றினேன்.

“வாணாம் நைனா, அது முழுங்கல. மூக்கால வருது பாரு!”ன்னு ஜெயம்மா கத்தினா. கேட்டனா நானு? ஊத்தினேன். இருமிச்சு. இன்னும் ஊத்தினேன்.

கார்த்திகை 16

செத்துப்போச்சு.

கார்த்திகை 20

கைருன் பீவியின் மாடு ஈன்றது. சற்று நேரத்தில் எழுந்து நின்று புல் கடித்தது. அதுவும் செவலையும் ஒரு தாய் வயிற்றுக் கன்றுகள், ஒரே மேய்ச்சல். இது சுண்ணாம்பைத் தொடாத மாடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈனும் முன்பே ஊற்றி ஊற்றி அதன் உடம்பைச் சோம்பேறியாக்கிவிட்டேனோ? பாலுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்து எடுக்கத் தெரியாமல் போனதோ? யாரைக் கேட்பது?

செவலையின் கன்று ஆட்டுப்பாலில் பிழைத்துக் கிடக்கிறது. பேரனுக்குக் கஞ்சியும் தங்கவில்லை. அழக்கூடச் சத்தமில்லை. கைருன் பீவி, “சீம்பால் தெளியட்டும்ணே, மொத பாலு ஒங்க பேரனுக்குத்தான்” என்றாள். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

கார்த்திகை 24

விடியும் முன் பேரன் போய்விட்டான்.

கைருன் பீவிக்குத் தெரியாது. சொன்னபடி செம்பு நிறையப் பாலோடு வாசலில் வந்து நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். ஜெயம்மா எழுந்துபோய்ச் செம்பை வாங்கினாள். என்னைத் தாண்டித்தான் போனாள், என்னைப் பார்க்கவில்லை. கொட்டிலில் செவலையின் கன்றுக்கு முன் குனிந்து பாலைச் சட்டியில் ஊற்றினாள்.

கன்று முழுவதையும் குடித்தது.