ஐஸ் இல்லாத பென்குயின்

என் ஆசை அண்ணா,

நீங்கள் செத்துப்போய் முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, உங்கள் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். எழுதுவது நான்தான். அதில்தான் இப்போது வீட்டில் பெரிய சண்டை.

கப்பலில் சமையல் வேலைக்குப் போனது, திரும்பி வந்து சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடித்தது எல்லாம் இருக்கட்டுமாம். பென்குயின் மட்டும் வேண்டாமாம்! பெரியப்பாவின் உத்தரவு.

"பென்குயின் ஐஸில எல்லோ இருக்கும்? வெக்கை மணலில கண்டவன் எண்டு அச்சடிச்சா, செத்தவன்ட மானமும் போயிடும் பிள்ளை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிரோட இருக்கேக்க நீங்களும் சேர்ந்து சிரிச்சனீங்கள்தானே பெரியப்பா? அப்ப அந்த மானம் எங்க போனது?" என்று கேட்டுவிட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, தெரியும். ஆனால் சீனன்குடா பஸ்ஸில், "பென்குயின் அண்ணை, ஒருக்கா கத்திக் காட்டுங்கோவன்" என்று கேட்பார்கள். அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார்கள் என்று நம்பி, நீங்களும் அந்தப் பென்குயின் மாதிரியே தலையை மேலே தூக்கிக் கழுதைக் குரலில் கத்திக் காட்டுவீர்கள். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. உங்களுக்கு விளங்கவே இல்லையா அண்ணா? அல்லது விளங்கியும்தான் கத்தினீர்களா?

குசினியில் நான் சூடை மீன் வெட்ட, பலகையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. தென்னாபிரிக்காக் கரையில் கப்பல் பழுதாகி நின்றதாம். பக்கத்துத் தீவுக்கு வள்ளத்தில் போய் நாள் முழுக்கக் குந்தியிருந்து பார்த்தீர்களாம். ஐஸ் ஒரு துண்டும் இல்லை. பற்றைக்குக் கீழே மணலைக் கிண்டிப் பென்குயின்கள் முட்டை இட்டிருந்தனவாம். ஒன்று கடலுக்கு இரைதேடிப் போனால் மற்றது அடைகாக்குமாம். மத்தியான வெயிலில் வாயைத் திறந்து இளைக்குமாம். ஆனாலும் எழும்பாதாம்.

"எழும்பினா கடற்காகம் முட்டையைக் கொண்டுபோயிடும் பிள்ளை. அது அதுக்குத் தெரியும்" என்றீர்கள்.

இது பொய்யா? பொய் சொல்கிறவன் ஐஸையும் சேர்த்தல்லவா சொல்லியிருப்பான்!

இன்று காலை பெரியப்பா அந்தப் பந்தியை வெட்டிவிட்டு அச்சகத்துக்கு வெளிக்கிட்டார். தாள்களைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். இதை எழுதுவதும் அதில் இருந்துதான். வெயில் முகத்தில் அடிக்கிறது.

"சாப்பிட்டிட்டு வந்து இரன் பிள்ளை" என்று இப்போதுதான் வந்து கெஞ்சினார்.

"ஏலாது பெரியப்பா. எழும்பினா நீங்கள் கொண்டுபோயிடுவீங்கள்" என்றேன். உள்ளே போய்விட்டார்.

கல்வெட்டில் உங்கள் பென்குயின் இருக்கும் அண்ணா. முதற் பக்கத்திலேயே இருக்கும், மணலோடும் வெயிலோடும். வாசித்துவிட்டு யாராவது சிரிக்கட்டும் பார்ப்போம். கோயில் வாசலில் நின்று, தலையைத் தூக்கி, நானே கத்திக் காட்டுவேன்.

கதிரையை விட்டு எழும்பாத
உங்கள் தங்கச்சி,
பிலோமினா