ஒரே ஒரு ரிங்

மார்ச் 4, செவ்வாய்

புது ஹெல்மெட் வந்துவிட்டது. முகம் முழுக்க மூடுகிற வகை. ஆபீஸில் கொடுத்த பழையது சட்டியைக் கவிழ்த்த மாதிரி தலையில் ஆடும். இது கன்னத்தைக் கவ்விப் பிடிக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டால் நான் யாரென்று யாருக்கும் தெரியாது. மூன்று பேர் நின்று பேசினாலே அந்தப் பக்கம் போகாதவள், இதை மாட்டிக்கொண்டால் லாரிக்காரருக்கே ஹாரன் அடிக்கிறேன்.

லேப் அண்ணன் வழக்கம்போல ஐஸ் பெட்டியை பைக்கின் பின்னால் ரப்பர் கயிறு போட்டுக் கட்டித் தந்தார். நான்கு பம்ப் ஹவுஸ், டெஸ்டுக்கு நான்கு பாட்டில் தண்ணீர், ஐஸ் உருகுவதற்குள் திரும்ப வேண்டும். இதுதான் என் வேலை. வேதியியல் படித்ததற்கு இது போதுமா என்று அம்மா கேட்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

"பக்கிள் போட்டியா?" என்று கேட்டார் அண்ணன். "போடலைன்னா அது ஹெல்மெட் இல்ல, தொப்பி." தினமும் இதே பாட்டு.

கடைசி பம்ப் ஹவுஸ் போனதும் அப்பாவுக்கு ஒரு ரிங். ஒரே ஒரு ரிங், உடனே கட். வந்து சேர்ந்துட்டேன், பயப்படாதீங்க என்று அர்த்தம். கல்லூரி விடுதிக்குப் போன நாளிலிருந்து இப்படித்தான். நாலு பேர் முன்னால் எனக்குப் போனில் பேச வராது. அப்பாவுக்குக் கையெல்லாம் பெயிண்ட், சாரத்தில் நிற்கும்போது போனை எடுக்க முடியாது. சட்டைப் பையில் அது ஒருமுறை அடித்து நின்றால் போதும். இரண்டு பேருக்கும் தோதான ஏற்பாடு.

மார்ச் 6, வியாழன்

நாலாவது பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் இன்று கேட்டார்: "என்னம்மா, உன் போனும் உன்னை மாதிரி ஊமையா?" சிரித்துவிட்டு வந்தேன். பதில் வாசலைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது.

மார்ச் 13, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பரவாயில்லை.

இருக்கேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் இருக்கேன்.

மார்ச் 15, சனி

நினைவு வந்தவரைக்கும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூங்க விடாது.

செவ்வாய்க்கிழமை. மூன்றாவது பம்ப் ஹவுஸில் சாவி வைத்திருந்தவர் வர நேரமாகிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீர். மெயின் ரோடு சுற்று என்று குவாரி ரோட்டில் திருப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்று தோன்றவே இல்லை.

வளைவில் ஜல்லித் தூள் கொட்டிக் கிடந்தது. பார்த்தேன். பார்த்ததும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அது இப்போது தெரிகிறது. அப்போது கை மட்டும்தான் யோசித்தது.

விழுந்ததே ஞாபகம் இல்லை. ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கிடந்தேன். நடுவில் ஒன்றுமில்லை. அது எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும்?

ரோட்டோரப் பள்ளம். புதர். வலது கால்மேல் பைக். சைலன்சர் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டு சுட்டது. இழுக்க முடியவில்லை. வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. போன் இடது பாக்கெட்டில் இருந்தது, தப்பித்தேன். தப்பித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு கோடு சிக்னல். அப்பாவுக்குப் போட்டேன். ரிங் போனது. ஒரு ரிங். அவ்வளவுதான், கட்டாகிவிட்டது. அந்த ஒரு கோடும் போய்விட்டது. மறுபடி, மறுபடி. ஆம்புலன்ஸ் எண்ணும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை.

கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கே என் குரல் பயமாக இருந்தது. மேலே வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. ஒன்று போனது. இன்னொன்று. பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? யாருக்கும் நான் அங்கே இருப்பது தெரியாது. உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்பா பார்த்திருப்பார், திரும்பக் கூப்பிடுவார், கிடைக்கவில்லை என்றால் தேடி வருவார் - அதையே பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கடைசியில் நிறுத்தியவர் ஒரு குவாரி லாரி டிரைவர். கயிறு அறுந்து ஐஸ் பெட்டி ரோட்டில் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவரே அம்மாவிடம் சொன்னார்: "பொய் சொல்லக்கூடாதும்மா, எவனோ மீன் பெட்டியைத் தவறவிட்டுட்டான்னுதான் இறங்கினேன். குழம்புக்கு ஆச்சுன்னு எடுக்கப் போனா, கீழே இருந்து ஒரு முனகல்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு இரண்டும் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பிக் காட்டினார். தாடைப் பக்கம் உளியால் செதுக்கிய மாதிரி ஒரு குழி. "இது உன் முகமா இருந்திருக்கும்" என்றார், சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வது போல.

விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரை உள்ளே போகிறது.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. ரோலர் மாமா பார்க்க வந்தார். அப்பாவோடு பெயிண்ட் வேலை செய்பவர். பிரஷைத் தொடமாட்டார், எல்லாவற்றுக்கும் ரோலர்தான், அதனால் அந்தப் பெயர். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அன்னைக்கு உன் ரிங்கு வந்துச்சுல்ல? உங்கப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். 'லேட்டாச்சேன்னு பார்த்தேன், பொண்ணு போய்ச் சேர்ந்துட்டா'ன்னு சாரத்துல இருந்து இறங்கி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாரு. அந்த மனுஷன்! எச்சில் கையால காக்கா ஓட்டாதவர்! பிஸ்கட் வேற!"



அந்த ரிங்.

அப்பா தேடவே இல்லை. ஏன் தேடப் போகிறார்? வந்து சேர்ந்துவிட்டேன் என்று நான்தானே சொன்னேன். சைலன்சர் சுட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா வருவார் அப்பா வருவார் என்று நான் பல்லைக் கடித்துக் கிடந்தபோது, அவர் டீ குடிச்சுட்டு நிம்மதியா இருந்திருக்கார். கடவுளே. நானே சொல்லிட்டேன், பத்திரமா இருக்கேன்னு நானே சொல்லிட்டேன்.

அப்பா கொல்லையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்:

"நீ விழுந்தது எப்பம்மா?"

"கடைசி பம்ப் ஹவுஸ் போயிட்டுத் திரும்பறப்பப்பா. உங்களுக்கு ரிங் விட்டதுக்கு அப்புறம்."

சரளமாக வந்தது. நானே அசந்துபோனேன்.

"ம்" என்றார். "அப்ப சரி."

மார்ச் 19, புதன்

இந்தப் பொய் என்னோடு இருக்கட்டும். அவருக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

கட்டோடு ஆபீஸ். அதிகாரி கூப்பிட்டார். "இனிமே இங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுது. பொம்பளப் பிள்ளைக்குத் தனியா பைக்கில் அலையற வேலை வேண்டாம்." நல்லவர்தான், என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்: "அந்தச் சனியன் பிடிச்ச வண்டியை இனித் தொட்டே, கையை முறிப்பேன்." முறிந்த கையில் கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களுக்குத் தைலம் தடவிக்கொண்டே சொல்கிறாள்.

தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். கதவு வரைக்கும் வந்துவிட்டேன். ஹெல்மெட் இல்லாத முகத்தோடு திரும்பி நின்று சொன்னேன்: "ஆம்பளை போனாலும் அந்த ஜல்லி சறுக்கும் சார். நான் எந்த வழியாப் போறேன்னு சொல்லாம போயிட்டேன். இனிமே சொல்லிட்டுப் போறேன்."

அவர் என்னையே பார்த்தார். இந்தப் பெண்ணுக்குப் பேச வருமா என்பது போல. "கை சரியாகட்டும், பார்க்கலாம்" என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

என்னவென்று எழுதுவது.

மத்தியானம் ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருந்தார்கள். மூலை ஒன்று நசுங்கியிருக்கிறது. பெட்டி எப்படித் திரும்பி வந்தது என்று லேப் அண்ணனிடம் கேட்டேன். லாரி டிரைவர் கொடுத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"உங்கப்பாதான் கொண்டு வந்தாரு. மறுநாளே. 'பொண்ணு கஷ்டப்பட்டுப் பிடிச்ச தண்ணி'ன்னு. இனி டெஸ்டுக்கு ஆகாதுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? வாங்கி வெச்சுக்கிட்டேன். திறந்து பார்த்தா மூணு பாட்டில் நிறைஞ்சிருக்கு, ஒண்ணு காலி. அது ஏன் காலின்னு கேட்டாரு. கடைசி இடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே விழுந்திருக்கான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அந்தக் காலி பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாரு. தண்ணி கொடுத்தேன், குடிக்கலை."

மறுநாளே. அப்படியென்றால் என்னிடம் 'எப்ப விழுந்தே' என்று கேட்டபோது அவருக்குத் தெரியும். நான் வாய் கூசாமல் பொய் சொன்னபோது, 'அப்ப சரி' என்றபோது, எல்லாம் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரும் நியூஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தபோதும்.

ஏப்ரல் 24, வியாழன்

கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கிறது.

மே 2, வெள்ளி

இன்று ஓட்டினேன்.

புது ஹெல்மெட். விழுந்ததை மறுபடி போடக்கூடாது, வெளியே தெரியாமல் உள்ளே நொறுங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா வாங்கி வந்தார், பெயிண்டுக் கையோடு கடையில் நின்று பத்துத் தரம் தட்டிப் பார்த்திருப்பார். அண்ணன் பெட்டியைத் தாழ்வாக, இரண்டு கயிறு போட்டுக் கட்டினார். "எந்த வழி?" "மெயின் ரோடு." "பக்கிள்?" தலையைச் சாய்த்துக் காட்டினேன். போன் ஜாக்கெட்டின் மார்புப் பையில், ஜிப் போட்டு.

முதல் வளைவில் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த ஆள் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

நாலாவது பம்ப் ஹவுஸ். பாட்டிலை நிரப்பி மூடி, போனை எடுத்தேன். பழக்கத்தில் கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றது. முதல் ரிங் முழுசாக முடியவில்லை, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்.

"பேசு" என்றார் அப்பா.

ஆபரேட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன்ப்பா."

"கேக்கலை. சத்தமா."

"வந்துட்டேன்ப்பா!"

மோட்டார் அறை முழுக்க எதிரொலித்தது. "அட, ஊமை பேசுதே!" என்றார் ஆபரேட்டர்.

அப்பா இருமினார். பின்னால் ரோலர் மாமாவின் குரல். அப்புறம் அப்பா சொன்னார்: "இனிமே எடுத்துப் பேசணும். ஒரு ரிங்கோட நின்னா நான் கிளம்பி வந்துடுவேன். ஞாபகம் வெச்சுக்கோ."

கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

"நாலு பாட்டிலும் நிரப்பிட்டேன்ப்பா. நாலாவதும்."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"ம்" என்றார். "பாத்து வா."

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.