பூசணிக்கு விடிய மருந்தடிக்க வேண்டாம்

அம்பாந்தோட்டை
மாசி, 1974

அன்புள்ள ஐயாவுக்கு, மகன் தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கடை முழங்கால் வலி குறைஞ்சுதோ? அம்மாவின் இருமல் எப்படி?

பூசணி பூத்தும் பிஞ்சு கருகி விழுகுதென்று, கண்ணூறு கழிக்கப் பானை கட்டினீர்களாம். ஐயா, அது கண்ணூறு இல்லை, நீங்கள் விடிய அடிக்கிற பூச்சிமருந்து. பூ விரிஞ்சு தேனீ வாற நேரமும் அதுதான். தேனீ செத்தால் ஆர் காய் பிடிக்க வைக்கிறது? மருந்தைப் பொழுதுபட அடியுங்கோ. வேலியோரத் துளசியையும் தும்பையையும் பிடுங்காமல் பூக்க விடுங்கோ.

இங்கையும் இதே சண்டைதான். நான் வேலை செய்யிற பண்ணையின் பெரியவர் விடிய மருந்தடிக்கச் சொன்னார், மாட்டன் என்றேன்.

"உனக்குப் பூச்சி பெரிசோ, நான் பெரிசோ?"

"பூச்சிதான், சேர்."

பயப்படாதேங்கோ, வேலை போகவில்லை. காட்டோரக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். இங்கே தமிழ் கதைக்க ஆளில்லை. கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மாவும் பழைய பேப்பரும் அனுப்புங்கோ. எந்தத் தேதிப் பேப்பரென்றாலும் சரி.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பினால் பெரியவர் என்னைக் கொட்டிலிலிருந்து திரும்பப் பண்ணைக்கு எடுப்பாராம். தபால்காரன் வாசலில் அவசரப்படுத்துகிறான். அவன் கையில் உங்களுக்கு எழுதின இந்தக் கடிதம் மட்டும்தான் போகும்.

உங்கள் மகன்
தில்லைநாதன்