மேனேஜருக்கு பாஸ்தா வேண்டாம்

வீட்டுச் சமையல் நிபுணருக்கு,

நேற்று ஒத்திகையாகச் செய்த பாஸ்தா ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நீங்களே சாப்பிடுங்கள். "வீட்டுல செஞ்சா பாதி செலவுதான்டி" என்றீர்கள். சீஸ், ஆலிவ் எண்ணெய், மாவு தேய்க்கும் மெஷின் எல்லாம் சேர்ந்து என் பாதிச் சம்பளம். கிடைத்தது, போஸ்டர் ஒட்டும் பசை.

உங்களுக்குப் பதவி உயர்வு தரவேண்டிய மேனேஜர் இன்று விருந்துக்கு வரும்போதா இதைப் பரிமாறுவீர்கள்?

டயர் கடைக்குப் பின்னால் ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நானும் தங்கையும் அலைந்து கண்டுபிடித்தோம். காரம் வைத்து மடித்த ரொட்டி, டாக்கோ; அதை வாயில் வைத்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள். இதுவரை யாராலும் முடியாத காரியம்.

மேனேஜரின் மனைவியிடம் பேசிவிட்டேன். ஏழு மணிக்கு அவர்கள் அங்கேயே வருகிறார்கள். அடுப்பைத் தொடாதீர்கள்.

பி.கு.: கேட்டதும் அந்த அம்மா, "அப்பாடா" என்றார். போன மாதம் நீங்கள் ஆபீசுக்குக் கொண்டுபோன லசானியா பாஸ்தாவை மேனேஜர் இன்னும் மறக்கவில்லையாம்.